கைக்காசு போட்ட ரசனை

1976 பிப்ரவரியில் மேற்கு லண்டனின் லாட்ப்ரோக் குரோவ் வட்டாரத்தில், கென்சிங்டன் பார்க் ரோட்டில் 202ஆம் எண் கட்டடத்தில், ஜெஃப் டிராவிஸ் என்ற இளைஞர் ‘ரஃப் டிரேட்’ என்ற பெயரில் ஓர் இசைத்தட்டுக் கடையைத் திறந்தார். அமெரிக்காவில் ஊர் ஊராகச் சுற்றியபோது மலிவாகப் பொறுக்கிச் சேர்த்த பழைய தட்டுகளிலிருந்துதான் கடையின் சரக்கு தொடங்கியது. சான் பிரான்சிஸ்கோவின் சிட்டி லைட்ஸ் புத்தகக் கடையில் ஆட்கள் மணிக்கணக்கில் உட்கார்ந்து படிக்கலாம், வாங்கியாக வேண்டும் என்று யாரும் நெருக்குவதில்லை. இசைக்கும் அப்படி ஓரிடம் வேண்டும் என்பது அவருடைய எண்ணம். அந்த வட்டாரத்தில் அப்போது வாடகை குறைவு. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களும், பாழடைந்த வீடுகளுக்குள் புகுந்து வாழ்ந்த இளைஞர்களும் நிறைந்த பகுதி அது. ஆகவே ஜமைக்காவின் ரெக்கே தட்டுகளும், அந்த ஆண்டே கிளம்பிய பங்க் ராக் தட்டுகளும் அங்கே ஒரே சுவரில் இடம்பிடித்தன. அந்தக் கடையிலிருந்து பிறகு தட்டு வெளியிடும் ஒரு லேபிளும் நாடு தழுவிய விநியோக வலையும் முளைத்தன. பிரிட்டனில் சுயேச்சை இசை என்று இன்று சொல்லப்படுவதற்கு ஒரு தொடக்கப்புள்ளி தேடினால் இந்தக் கடையைத் தவிர்த்துவிட்டுப் போக முடியாது.

இசைத்தட்டுக் கடைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் உறையின் ஓவியம், ஊசி பள்ளத்தில் இறங்கும் ஓசை, கடையில் கூடும் நண்பர்கள் என்று போவார்கள். அவை பொய்யல்ல. ஆனால் அவற்றை மட்டும் சொன்னால், இந்தக் கடைகள் செய்த முக்கியமான காரியம் பார்வையிலிருந்து நழுவிவிடுகிறது. அது ஒரு வணிகக் காரியம். யாரும் கேட்காத, வானொலி போடாத, பத்திரிகை எழுதாத ஒரு தட்டைக் கடைக்காரர் கேட்டுப் பார்க்கிறார். நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்கிறார். பத்துப் பிரதிகளுக்குத் தன் பணத்தைக் கொடுக்கிறார். விற்காவிட்டால் பெரும்பாலும் அந்தத் தட்டுகள் திரும்பிப் போவதில்லை, அலமாரியில் கிடந்து அவருடைய பணத்தைப் பிடித்துவைத்துக்கொள்கின்றன. விற்றால் தருகிறேன் என்று வாங்கி வைப்பதற்கும் காசு கொடுத்து வாங்கி வைப்பதற்கும் உள்ள தூரத்தைச் சிறுபத்திரிகை நடத்தியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சுயேச்சை ராக் கடையின் உயிர் அந்தத் தூரத்தில்தான் இருக்கிறது என்பது என் வாதம். அங்கே ரசனையும் கைக்காசும் ஒரே ஆளிடம் இருந்தன. ரசனை தவறினால் காசு போனது. அந்த இழப்புக்கு அஞ்சி அஞ்சியே ரசனை கூர்மையடைந்தது.

ஓர் எடுத்துக்காட்டை அருகில் போய்ப் பார்க்கலாம். மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் குழு 1976 டிசம்பர் இறுதியில் நான்கு பாட்டுகளை ஒரே நாளில் பதிவு செய்து, 1977 ஜனவரியில் ‘ஸ்பைரல் ஸ்கிராட்ச்’ என்ற ஏழங்குலத் தட்டாக வெளியிட்டது. லேபிளும் அவர்களுடையதே. நண்பர்களிடமும் குடும்பத்தாரிடமும் கடன் வாங்கிய 500 பவுண்டில் 1,000 பிரதிகள் அச்சாயின. உறையில் ஒவ்வொரு பாட்டும் எத்தனையாவது எடுப்பில் அமைந்தது, மேலே எத்தனை முறை ஒலி சேர்க்கப்பட்டது என்று அச்சிட்டிருந்தார்கள். இதில் மாயம் எதுவுமில்லை, உங்களாலும் முடியும் என்பதுதான் அதன் செய்தி. மறு ஆண்டு ஸ்கிரிட்டி பொலிட்டி குழு தன் முதல் தட்டின் உறையில், ஒலிப்பதிவுக்கு எவ்வளவு, அச்சுக்கு எவ்வளவு, நடுவில் ஒட்டும் வட்டத்தாளுக்கு எவ்வளவு என்று செலவுக் கணக்கையே போட்டுவிட்டது. இந்தத் தன்னம்பிக்கையைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். ஆனால் கையில் ஆயிரம் தட்டுகள் இருந்தால் போதாது, அவற்றை வாங்க யாராவது வேண்டும். பெரிய கடைச் சங்கிலிகள் பெயரில்லாத லேபிளை உள்ளேயே விடாத நாள் அது. ரஃப் டிரேடைப் போன்ற கடைகள் அந்தத் தட்டை மொத்தமாக எடுத்தன, தீர்ந்ததும் மறுபடி கேட்டன, அஞ்சலில் மற்ற ஊர்களுக்கும் அனுப்பின. ‘ஸ்பைரல் ஸ்கிராட்ச்’ கடைசியில் 16,000 பிரதிகள் விற்றது. அந்த 500 பவுண்டு திரும்பி வந்ததைப் பார்த்துத்தான் அடுத்த குழுவுக்கும் அதற்கடுத்த குழுவுக்கும் கடன் வாங்கத் துணிவு வந்தது. அவர்களில் பலருக்குத் தட்டை அச்சிடும் செலவையே ரஃப் டிரேட் முன்பணமாகப் போட்டு, விற்ற பிறகு கழித்துக்கொள்ளும் ஏற்பாடும் பின்னர் வந்தது. எல்லாவற்றிலும் முதலில் நகர்ந்தது கடைக்காரரின் பணம்.

1978இல் ரஃப் டிரேட் தானே தட்டு வெளியிடத் தொடங்கியபோது முதல் மூன்று எண்களைப் பாருங்கள். முதலாவது மெத்தால் உர்பேன் என்ற பிரெஞ்சுப் பங்க் குழு. இரண்டாவது ஜமைக்காவின் அகஸ்டஸ் பாப்லோ. மூன்றாவது ஷெஃபீல்டில் மின்னொலிகளை வைத்துச் சோதனை செய்துகொண்டிருந்த காபரே வால்டேர். சந்தை ஆய்வு செய்யும் எந்த நிறுவனமும் இந்த மூன்றையும் ஒரே வரிசையில் வைத்திருக்காது. கவுண்ட்டருக்குப் பின்னால் நின்று, யார் எதைக் கேட்டு வருகிறார்கள், எதை ஒலிக்கவிட்டால் தலையை நிமிர்த்துகிறார்கள் என்று நாள் முழுக்கப் பார்த்தவர்களின் பட்டியல் அது. குழுக்களோடு அவர்கள் செய்துகொண்ட ஒப்பந்தம், செலவு போக வரும் லாபத்தைப் பாதிக்குப் பாதி பிரித்துக்கொள்வது. 1979இல் அதே லேபிளில் வந்த பெல்ஃபாஸ்டின் ஸ்டிஃப் லிட்டில் ஃபிங்கர்ஸ் குழுவின் முதல் ஆல்பம் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் 14ஆம் இடத்துக்கு ஏறி, 1,00,000 பிரதிகளைத் தாண்டியது. பெரிய நிறுவனங்களின் துணையில்லாமல் அந்த எண்ணிக்கையைத் தொட முடியும் என்று அதுவரை தொழிலில் இருந்த யாரும் நம்பவில்லை.

ரஃப் டிரேட் மட்டும் இப்படி என்று நினைத்துவிடக் கூடாது. லண்டன் வால்தம்ஸ்டோவில் இருந்த ஸ்மால் வொண்டர் என்ற சின்னக் கடை 1978இல் தி க்யூர் குழுவின் முதல் தட்டையும், 1979இல் பௌஹௌஸ் குழுவின் முதல் தட்டையும் வெளியிட்டது. இன்று உலகின் பெரிய சுயேச்சை இசை நிறுவனங்களில் ஒன்றான பெக்கர்ஸ் குழுமம் எர்ல்ஸ் கோர்ட்டில் ஒரு கடையாகத் தொடங்கியது. பெல்ஃபாஸ்டில் குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்த காலத்தில், கத்தோலிக்கப் பிள்ளைகளும் புராட்டஸ்டன்ட் பிள்ளைகளும் ஒன்றாக நிற்கும் இடமாக டெர்ரி ஹூலி ‘குட் வைப்ரேஷன்ஸ்’ கடையை நடத்தினார். 1978இல் அந்தக் கடையின் லேபிளில் வந்த அண்டர்டோன்ஸ் குழுவின் ‘டீனேஜ் கிக்ஸ்’ பாட்டை பிபிசி வானொலி அறிவிப்பாளர் ஜான் பீல் அடுத்தடுத்து இரண்டு முறை ஒலிபரப்பினார். கடைகளே ஏன் இத்தனை லேபிள்களைப் பெற்றெடுத்தன? இசையைக் காதலித்தவர்கள் பத்திரிகைகளிலும் வானொலியிலும் கல்லூரிகளிலும் இருக்கத்தான் செய்தார்கள். ஆனால் தன் தவறான முடிவை ஒவ்வொரு நாளும் அலமாரியில் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியவர் கடைக்காரர் ஒருவர்தான். விற்காத பத்துத் தட்டுகள் அவருக்குச் சொல்லிக்கொடுப்பதை ஒரு விமர்சகருக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

அந்த அறிவு கணக்கில் வராமல் போனதும் உண்டு. பிரிட்டனின் அதிகாரப்பூர்வ விற்பனைப் பட்டியல் அன்று நாட்டின் எல்லாக் கடைகளையும் எண்ணித் தயாரானதல்ல. தேர்ந்தெடுத்த சில நூறு கடைகள் விற்பனையைக் குறிப்பேட்டில் எழுதி அனுப்பும், அதை வைத்துப் பட்டியல் வரும். பட்டியலுக்கு எழுதும் கடைகள் எவை என்று தெரிந்துகொண்டு, பெரிய நிறுவனங்களின் விற்பனை ஆட்கள் அங்கே மட்டும் இலவசத் தட்டுகளைக் குவித்த கதைகள் ஏராளம். சிறிய கடைகளில் விற்றது அந்தக் கணக்கில் சரியாக ஏறவில்லை. 1980 ஜனவரியிலிருந்து சுயேச்சைத் தட்டுகளுக்கென்று தனிப் பட்டியல் வெளிவரத் தொடங்கியது. அதில் இடம்பெற ஒரே தகுதி, அந்தத் தட்டு பெரிய நிறுவனங்களின் விநியோகத்தைச் சாராமல் கடைக்கு வந்திருக்க வேண்டும் என்பது. இசை எப்படி ஒலிக்கிறது என்று அந்த விதி கேட்கவில்லை. பின்னாளில் சுயேச்சை என்பதன் ஆங்கிலச் சுருக்கமான ‘இண்டி’ ஒரு கிட்டார் ஓசையின் பெயராகக் குறுகியபோது மறந்துபோனது இதுதான். லண்டனில் ரஃப் டிரேட், லிவர்பூலில் ப்ரோப், யார்க்கில் ரெட் ரைனோ, பிரிஸ்டலில் ரிவால்வர், நார்விச்சில் பேக்ஸ் என்று கடைகளும் கடைகளிலிருந்து கிளைத்த விநியோகக்காரர்களும் ‘கார்ட்டெல்’ என்ற கூட்டாகச் சேர்ந்து, ஒவ்வொருவரும் தம் பகுதிக்குச் சரக்கு அனுப்பினார்கள். ஓர் ஊரில் அச்சான 1,000 தட்டுகள் நாடெங்கும் போய்ச் சேர அதுதான் வழி.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதலாவதும் வலுவானதும் இது: இன்று அத்தனை இசையும் எல்லோருடைய கைபேசியிலும் இருக்கிறது. கென்சிங்டன் பார்க் ரோட்டுக்குப் போகக் கொடுத்துவைத்தவர்களுக்கு மட்டும் கிடைத்தது இப்போது எந்த ஊர்ப் பிள்ளைக்கும் கிடைக்கிறது. கடை எதற்கு? கிடைப்பது பெரிய காரியம், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் கிடைப்பது வேறு, கேட்கப்படுவது வேறு. லுமினேட் என்ற தரவு நிறுவனம் 2023ஆம் ஆண்டுக்குக் கொடுத்த கணக்குப்படி, ஸ்ட்ரீமிங் தளங்களில் அது கண்காணித்த 18.4 கோடிப் பதிவுகளில் 4.56 கோடிப் பதிவுகளை அந்த ஆண்டில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஆயிரமோ அதற்குக் குறைவாகவோ ஒலித்தவை 86 சதவீதத்துக்கு மேல். 2024 முதல் ஸ்பாட்டிஃபை தளத்தில், 12 மாதங்களில் 1,000 முறையாவது ஒலிக்காத பாட்டுக்குப் பணமே கிடையாது. 1,000 பிரதிகள் விற்ற ஏழங்குலத் தட்டு 1977இல் போட்ட பணத்தை மீட்டு அடுத்த தட்டுக்கும் வழி செய்தது. இன்று 999 முறை ஒலித்த பாட்டின் வருமானம் பூஜ்யம். ஒரு தட்டை வாங்குவதும் ஒரு பாட்டை ஒருமுறை கேட்பதும் சமமல்ல என்று யாரும் சொல்லலாம், அது சரியே. என் கேள்வி வேறு. இந்தக் கடலில் ஒரு பாட்டை எடுத்து நம் முன் வைக்கிறவர் அதற்காக எதைப் பணயம் வைக்கிறார்? அல்காரிதம் தவறான பாட்டைக் காட்டினால் அதற்கு ஒரு பைசா நட்டமில்லை. இன்னும் ஒரு படி மேலே போய், 2020இல் ஸ்பாட்டிஃபை கொண்டுவந்த ‘டிஸ்கவரி மோட்’ திட்டத்தில், தன் பாட்டு கூடுதலாகப் பரிந்துரைக்கப்பட வேண்டுமானால் கலைஞர் தரப்பு அந்தப் பாட்டின் வருமானத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுக்க வேண்டும். கடையில் பரிந்துரைக்கிறவர் பணம் கொடுத்தார். இங்கே பரிந்துரைக்கப்படுகிறவர் கொடுக்கிறார். இந்த இடமாற்றம் என்னைக் கோபப்படுத்துகிறது, அதை மறைக்க விரும்பவில்லை.

இரண்டாவது மறுப்பு, கடைக்காரர்களின் அகங்காரம் பற்றியது. நிக் ஹார்ன்பி 1995இல் எழுதிய ‘ஹை ஃபிடெலிட்டி’ நாவலும் 2000இல் வந்த அதன் திரைப்படமும் இந்த மனிதரை உலகத்துக்கே அறிமுகப்படுத்திவிட்டன: வாடிக்கையாளரின் ரசனையை ஏளனம் செய்யும், பட்டியல் போடும், பெரும்பாலும் ஆணாகவே இருக்கும் கடைச் சிப்பந்தி. உள்ளே நுழையவே கூசிய பெண்கள் எத்தனையோ பேர். இது உண்மையான குறை, கடைகளின் சிறப்பைக் காட்டி இதைக் கழித்துவிட முடியாது. ஆனால் ரசனை ஓர் ஆளிடம் இருப்பதால் வரும் குறையும் அதனாலேயே வரும் பலனும் ஒரே வேரிலிருந்து வருகின்றன. ஓர் ஆளிடம் வாதாடலாம், அவரை மாற்றலாம், வேறு ஆட்கள் வந்து வேறு கடை போடலாம். ரஃப் டிரேடில் பெண்கள் வேலை செய்தார்கள். எல்லோருக்கும் சம ஊதியம் என்ற விதியும், பெண்களை இழிவுபடுத்தும் தட்டுகளை எடுப்பதா என்ற விவாதமும் அங்கே இருந்தன. பெண்களின் குழுவான தி ரெய்ன்கோட்ஸ் தன் முதல் ஆல்பத்தை 1979இல் அந்த லேபிளில்தான் வெளியிட்டது.

அந்த ஆல்பத்துக்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். 1992இல் நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன், உலகப் புகழின் உச்சியில் இருந்தபோது, தன்னிடமிருந்த தேய்ந்துபோன ரெய்ன்கோட்ஸ் தட்டுக்குப் பதில் புதியது தேடி அப்போது டால்பட் ரோட்டுக்கு மாறியிருந்த ரஃப் டிரேட் கடைக்கு வந்தார். தட்டு அங்கே இல்லை, அச்சிலேயே இல்லை. ஆனால் கவுண்ட்டரில் இருந்த பெண்ணுக்கு அந்தக் குழுவின் ஆனா ட சில்வாவைத் தெரியும். அவர் ஒரு பழம்பொருள் கடையில் வேலை செய்கிறார் என்று சொல்லி, வழியை ஒரு தாளில் வரைந்து கொடுத்தார். கோபேன் அங்கே போய் ஆனாவைப் பார்த்தார். சில வாரங்களில் தட்டு அவருக்கு அஞ்சலில் வந்து சேர்ந்தது. அந்த ஆண்டு இறுதியில் வந்த ‘இன்செஸ்டிசைட்’ தொகுப்பின் குறிப்பில் இதை அவரே விரிவாக எழுதினார். 1993இல் ரெய்ன்கோட்ஸ் ஆல்பங்கள் மறுபதிப்பாயின. பத்தாண்டாக ஓய்ந்திருந்த குழு மீண்டும் மேடையேறியது. இதில் கடை விற்றது ஒன்றுமில்லை. பதின்மூன்று ஆண்டுக்கு முந்தைய ஒரு தட்டைப் பற்றிய நினைவும், அதைப் பாடியவர் இன்று எந்தத் தெருவில் இருக்கிறார் என்ற தகவலும் கவுண்ட்டரில் இருந்தன. கையிருப்புக் கணக்கு ‘இல்லை’ என்ற பதிலோடு நின்றிருக்கும்.

மூன்றாவதாக, இந்த வழி கடைசியில் தோற்றதல்லவா என்று கேட்கலாம். 1991இல் ரஃப் டிரேட் விநியோக நிறுவனம் திவாலாகி லேபிளையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. அதை நம்பியிருந்த சிறு லேபிள்கள் பல வரவேண்டிய பணத்தை இழந்தன. ஆனால் விழுந்தது எது என்று பார்க்க வேண்டும். தி ஸ்மித்ஸ் போன்ற குழுக்களின் பெரும் விற்பனையைச் சமாளிக்கப் பெருகிய கிடங்கும், கடனும், நிர்வாகமும் விழுந்தன. கடை விழவில்லை. 1982இலேயே கடையையும் லேபிளையும் பிரித்து, கடையை அதில் வேலை செய்தவர்களே எடுத்துக்கொண்டு டால்பட் ரோடு 130ஆம் எண்ணுக்கு மாறியிருந்தார்கள். பத்துத் தட்டு, இருபது தட்டு என்று பணயம் வைக்கிறவர் தவறினால் தாங்கிக்கொள்ளலாம். கிடங்கு கிடங்காகப் பணயம் வைத்தால் ஒரு தவறே போதும். சிறிய அளவு அந்தக் கடைகளின் குறைபாடு என்று பொருளாதாரம் பேசுகிறவர்கள் சொல்வார்கள். அவை பிழைத்ததற்குக் காரணமே அதுதான் என்று நான் கருதுகிறேன். 2007 ஜூன் இறுதியில் பிரிட்டனின் ஃபாப் சங்கிலி நூற்றுக்கும் மேற்பட்ட கடைகளை ஒரே நாளில் மூடியது. அடுத்த மாதம் ரஃப் டிரேட் லண்டனின் பிரிக் லேன் அருகே 5,000 சதுர அடியில் புதிய கடை திறந்தது. எல்லோரும் பைத்தியக்காரத்தனம் என்ற நேரம். 2013இல் எச்எம்வி என்ற பெரும் இசைக்கடைச் சங்கிலியே திவால் நிர்வாகிகளின் கைக்குப் போனது. பிரிக் லேன் கடை நிலைத்து நின்றது.

வினைல் தட்டு திரும்பிவிட்டதே, இனி என்ன கவலை என்பவர்களும் உண்டு. பிரிட்டனில் 2007இல் சுமார் 2 லட்சமாகச் சுருங்கியிருந்த வினைல் ஆல்பம் விற்பனை 2023இல் 59 லட்சத்தைத் தொட்டது. மகிழ்ச்சிதான். ஆனால் அதில் பெரும்பங்கு உலகறிந்த நட்சத்திரங்களின் ஆல்பங்களும் பழைய புகழ்பெற்றவற்றின் மறுபதிப்புகளும். அவற்றை விற்கத் துணிவு தேவையில்லை, பேரங்காடிகளே விற்கின்றன. சுயேச்சைக் கடைகளைக் காக்க 2008 ஏப்ரலில் தொடங்கிய ‘ரெக்கார்டு ஸ்டோர் டே’ நல்ல நோக்கத்தில் பிறந்தது. ஆண்டுக்கொரு நாள் கடை வாசலில் வரிசை நிற்பது பல கடைகளுக்கு அந்த ஆண்டின் மூச்சு. ஆனால் பெரிய நிறுவனங்கள் அந்த நாளுக்கென்று மறுபதிப்புகளைக் குவித்ததில் அச்சாலைகளில் இடமின்றிச் சிறு லேபிள்களின் புதிய தட்டுகள் மாதக்கணக்கில் காத்துக்கிடந்தன. திருப்பித் தர முடியாத அந்தச் சரக்கில் கடைக்காரரின் பணமும் முடங்கியது. அவருடைய பணயம் இன்னமும் இருக்கிறது, ஆனால் அது தெரியாத குழுவின் மேல் வைக்கப்படாமல் தெரிந்த பெயரின் வண்ண வினைல் மேல் வைக்கப்படுகிறது. தட்டு விற்பனை கூடுவதால் மட்டும் கடை தன் வேலையைச் செய்கிறது என்று ஆகிவிடாது. பிரிக் லேன் கடையில் புதிய குழுக்களை மேடையேற்றி, ஆல்பத்தோடு சேர்த்து நுழைவுச்சீட்டு விற்கிறார்கள். அதை நான் குறை சொல்லமாட்டேன். முன்பின் தெரியாத குழுவுக்கு ஒரு மாலைப்பொழுதையும் கடை இடத்தையும் கொடுப்பதும் பணயம்தான்.

லாட்ப்ரோக் குரோவில் 1976இன் வாடகை இன்று கிடையாது. அந்த வட்டாரம் லண்டனின் விலையுயர்ந்த பகுதிகளில் ஒன்றாகிவிட்டது. இளைஞர் ஒருவர் அமெரிக்காவில் பொறுக்கிய பழைய தட்டுகளோடு அங்கே இப்போது கடை திறக்க முடியாது. ஆகவே இருக்கிற கடைகளைக் காப்பது முக்கியமாகிறது. காப்பது என்றால் நினைவுச்சின்னத்தைப் போய்ப் பார்த்துப் படம் எடுத்துவருவதல்ல. லண்டனில் வாழும் தமிழ் வாசகர்கள் லாட்ப்ரோக் குரோவ் ரயில் நிலையத்தில் இறங்கி டால்பட் ரோடு 130க்கு நடந்தே போகலாம். மற்ற நகரங்களில் இருப்பவர்களுக்கு அங்கங்கே ஒரு கடை இருக்கும். போனால் உங்களுக்குத் தெரிந்த பழைய ஆல்பத்தைத் தேடாதீர்கள். இந்த மாதம் நீங்கள் துணிந்து எடுத்த, இன்னும் விற்காத தட்டு எது என்று கவுண்ட்டரில் இருப்பவரிடம் கேளுங்கள். அங்கேயே ஒலிக்கவிடச் சொல்லுங்கள். பிடித்தால், வீட்டுக்கு வந்து இணையத்தில் மலிவாகத் தேடாமல், அங்கேயே முழு விலை கொடுத்து வாங்குங்கள்.